பாலத்தடியில் கவாத்துக் குச்சிகள்

எங்கள் ஊரில் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து நடந்தால், வெட்டிய கொடிகளை ஓடையில் போடுவார்கள். ஏன் அங்கே போடுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஓடை கிழக்கு மலையிலிருந்து இறங்கி, தோட்டங்களின் ஓரமாகவே வந்து, ஊரின் தார்ச்சாலையை ஒரு பாலத்தடியில் கடந்து, மேற்கே போய் முல்லையாற்றில் சேர்கிறது. வருடத்தில் முக்கால்வாசி நாள் அதில் வெறும் மணல்தான் கிடக்கும். போட்ட கொடியில் இருக்கும் இலையை ஆடுகள் தின்னும். குச்சி காய்ந்ததும் பெண்கள் கட்டிக்கொண்டு போய் அடுப்பெரிப்பார்கள். மிச்சத்தைப் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் வரும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போய்விடும். மழையை நம்பிச் செய்துகொண்ட ஏற்பாடு அது. மழை தன் பங்கைச் செய்தவரை அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

நான் ஜெயமங்கலத்துப் பெண். காமயகவுண்டன்பட்டியைத் தாண்டி மலையை ஒட்டியிருக்கும் இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்த முதல் வருடம், ஓடையில் கணுக்கால் அளவுத் தண்ணீர் பல நாள் ஓடியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அப்படிப் பார்க்கவில்லை. மழை பெய்யாமல் இல்லை. ஆனால் ஓடை நனைகிற அளவுக்குப் பெய்யவில்லை. அதே சமயத்தில் வீட்டுக்கு வீடு இலவச காஸ் அடுப்பு வந்தது. அது நல்ல காரியம். புகையில் கண்ணைக் கசக்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் குச்சி பொறுக்க வந்தவர்கள் குறைந்துபோனார்கள். குச்சி மட்டும் வழக்கம்போல ஓடைக்கு வந்துகொண்டிருந்தது. பாலத்தின் வாயில் அது ஆள் உயரத்துக்கு அடைந்து நின்றது. சாம்பல் நிறத்தில், பெரிய பறவைக் கூடு மாதிரி.

அந்தப் பாலத்துக்குக் கிழக்கே, தண்ணீர் வரும் பக்கத்தில், ஓடையின் கரையிலேயே எங்கள் ஊர்ப் பால்வாடி இருந்தது. என் மகள் அங்கேதான் போனாள்.

நான் பயந்த சுபாவக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பஸ் நிற்கும் முன்னே எழுந்து நிற்கிறவள். குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும் கம்பத்துக்கு ஓடுகிறவள். அதனால் என் மனசில் தோன்றுவதில் எது பயம், எது நியாயம் என்று எனக்கே பிரித்துப் பார்க்க வராது. என் கணவர் கம்பத்தில் உரக்கடை வைத்திருந்தார். அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்:

"மழை பேஞ்சாலும் பயப்படுறே. பெய்யலைன்னாலும் பயப்படுறே. ஒனக்கு எப்படிப் பேஞ்சா நல்லாருக்கும்னு சொல்லு, மேல சொல்லி விடுறேன்."

அப்படிப்பட்டவள் பஞ்சாயத்து வார்டு உறுப்பினர் ஆனது யாருடைய திட்டமும் இல்லை. அந்த உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். கணவரின் அண்ணன், நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், டிகிரி படித்த பிள்ளை வீட்டில் இருக்கிறதே என்று என் பெயரைச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அவருக்கு ஓடையின் தலைப்பில், மலையடிவாரத்தில், பெரிய பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது. கையெழுத்துப் போடுவதோடு என் வேலை முடிந்துவிடும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பால்வாடிக்கு இடம் பார்த்தது எனக்கு முன்னால் இருந்தவர்கள். மேட்டில் இருந்த ஒரே பொது இடம் மந்தை. அங்கே வருடத்துக்கு ஒருமுறை அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள், ராட்டினம் சுற்றும், நாடகம் நடக்கும். மற்ற நாளெல்லாம் மாடுகள் படுத்திருக்கும். கட்டிடம் வந்தால் ராட்டினத்தை எங்கே போடுவது என்று ஊர் கேட்டது. ஓடைக் கரையோ அரசாங்கப் புறம்போக்கு. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தண்ணீர் வராத ஓடையைப் பார்த்து அளந்து, தண்ணீர் வராத ஓடைக்காகவே கட்டினார்கள்.

ஒருமுறை வார்டு உறுப்பினர்களுக்கு என்று தேனியில் பயிற்சி வைத்தார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் கிளம்பினேன். எங்கள் ஓடை மேற்கே இறங்கி அடுத்த ஊர்ச் சாலையையும் ஒரு பாலத்தடியில்தான் கடக்கிறது. அந்தப் பாலத்தை ஒட்டி வரிசையாகக் காலனி வீடுகள். ஒரு வீட்டு வாசலில் சின்னப் பிள்ளை ஒன்று ஈயத் தட்டை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தது. என் மகள் கை காட்டினாள், அதுவும் காட்டியது. பஸ் போய்விட்டது.

பயிற்சியில்தான் பருவநிலை மாற்றம் என்ற சொல்லை முதலில் கேட்டேன். எங்கள் ஊரில் வானம் மாறிப்போச்சு என்பார்கள். பாடம் நடத்தியவர் நல்லவர், பொறுமையானவர். ஆனால் அவருக்குக் கொடுத்து அனுப்பிய பாடம் கடற்கரைக்காரர்களுக்கு எழுதியது. கடல் உள்வாங்கினால் எந்தப் பக்கம் ஓடுவது, புயல் கூண்டு ஏற்றினால் என்ன செய்வது என்று படம் போட்டுக் காட்டினார். கெங்குவார்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுந்து கேட்டார்:

"அய்யா, எங்களுக்குக் கடலுங்கிறதே ராமேஸ்வரம் போனாத்தான். அது எங்கள வந்து பாக்குறதுக்குள்ள மலை ஏறிருவோம். மலையில இருந்து வர்றதுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, அவரவர் ஊரைத் தரையில் கோலப்பொடியால் வரையச் சொன்னார். நான் ஓடையை நீலப் பொடியில் இழுத்தேன். பாலம் போட்டேன். பாலத்தின் வாயில் கருப்பாகக் கொஞ்சம் பொடியைக் குவித்தேன். பக்கத்தில் பால்வாடி. எழுந்து நின்று மேலிருந்து பார்த்தபோது ஆபத்து எங்கே என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தக் குச்சியை யார் எடுப்பது என்று கேட்டேன். அதை உங்கள் பஞ்சாயத்தில் பேசித் தீர்மானம் போடுங்கள் என்றார் அவர். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் விளக்குமாற்றால் எல்லா ஊரையும் பெருக்கித் தள்ளினார்.

திரும்பி வந்து பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேசினேன். எழுதி வைத்திருந்ததை அப்படியே வாசித்தேன். கவாத்துக் குச்சியை இனி ஓடையில் போடக் கூடாது, ஐப்பசிக்கு முன்னால் பாலத்தடியைச் சுத்தம் செய்ய வேண்டும், முடிந்தால் பால்வாடியை மந்தைக்கு மாற்ற வேண்டும். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓடையில போடக் கூடாதுன்னா பெறகு எங்கன போடுறது? மொதல்ல ஒங்க பெரியத்தான் தோட்டத்துக் குச்சிய நிப்பாட்டுங்க உறுப்பினரம்மா. மத்தவக தானா நிப்பாட்டிருவாக."

சிரிப்புச் சத்தம். ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. எங்கள் பஞ்சாயத்தில் நிறைவேறாத தீர்மானமே கிடையாது. மந்தைப் பேச்சை மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள்.

பெரியத்தானிடம் நானே போனேன். அவர் பந்தலடியில் நின்று கொடி கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோட்டத்துல வச்சு எரிச்சா பக்கத்துக் கொடி கருகும். குழி வெட்டிப் பொதச்சா அடுத்த வருசம் நோவு அதுல இருந்துதான் கெளம்பும். லாரி வச்சு வெளிய அனுப்புனா பழம் வித்த காசு அதுக்கே போயிரும்," என்றார். "ஓடை வந்து எத்தன வருசமாச்சு? நீயே சொல்லு."

"வராமயே இருக்குறதுதான் பயமா இருக்கு அத்தான். வந்துக்கிட்டே இருந்தா அப்பப்ப இழுத்துட்டுப் போயிருக்கும். இப்ப அம்புட்டுக் குச்சியும் பாலத்தடியில நிக்கிது."

அவர் தொங்கிய கொடி ஒன்றை எடுத்துப் பந்தலில் செருகினார். பிறகு, "படிச்ச புள்ள. எழுதிப் போட்டுக் கவர்மெண்ட்ட அள்ளச் சொல்லு," என்றார். கிண்டலாகச் சொன்னாரா, நம்பிக்கையோடு சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு காரணமும் சரியானது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நூறு நாள் வேலை அப்போதுதான் எங்கள் மாவட்டத்துக்கு வந்திருந்தது. அந்த ஆட்களை வைத்தே பாலத்தடியைச் சுத்தம் செய்யலாம் என்று இன்ஜினியரிடம் கேட்டேன். அவர் பாலத்தின் மேல் நின்று குனிந்து பார்த்தார்.

"மண்ணுன்னா அள்ளச் சொல்லலாம்மா. குழிய அளந்து கூலி போட்டுருவேன். குச்சிய எதை வச்சு அளக்குறது?"

மண்வெட்டியோடு நின்ற பெண்களில் ஒருத்தி, "கட்டுக் கட்டா எண்ணுங்க சார், நாங்க பொய் சொல்ல மாட்டோம்," என்றாள். அவர் சிரித்துவிட்டு அவர்களைக் கண்மாய்க் கரைக்கு அனுப்பினார். அவர்மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. அளக்க முடியாத வேலையைச் செய்ததாகக் காட்டினால் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பால்வாடி டீச்சர் உத்தமபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். ஒருநாள் அவரிடம் என் பயத்தையெல்லாம் கொட்டினேன். அவர் சத்துமாவு உருண்டை பிடித்தபடியே கேட்டார். "எடத்த மாத்த முடியலைன்னா, பிள்ளைகள மாத்திருவோம்," என்றார். இரண்டு பேரும் யோசித்தோம். ஊருக்கு மேல் வெயிலடிக்கும்போதே கிழக்கு மலையில் மழை கொட்டிவிடும். ஓடை இறங்குவது முதலில் பெரியத்தான் தோட்டத்துக்குத்தான் தெரியும். அவரிடம் செல்போன் இருந்தது, என்னிடமும் இருந்தது. அவர் எனக்குச் சொன்னால், நான் ஓடி வந்து டீச்சருக்குச் சொன்னால், ஆயாவோடு சேர்ந்து பிள்ளைகளை மந்தையிலிருக்கும் நாடக மேடைக்குக் கூட்டிப் போய்விடலாம். பெரியத்தான் கேட்டதும், "அதுக்கென்ன, ஒரு போன் தானே," என்றார்.

டீச்சர் ஒரு பழைய நூல் சேலையை முறுக்கி, இடைவெளி விட்டு முடிச்சுப் போட்டார். ஆளுக்கு ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் மந்தை வரை ரயில் விட்டுப் பழகின. என் மகளுக்கு அந்த விளையாட்டு ரொம்பப் பிடித்தது. வீட்டிலும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூ என்பாள். மற்ற தாய்மார்களெல்லாம் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். ரயிலைப் பார்த்து நின்று சிரித்துவிட்டுப் போவார்கள். அது எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்றும் தோன்றியது. பயப்பட நேரம் கிடைக்காதவர்களுக்குப் பயத்தைக் கொடுத்து என்ன பிரயோசனம்?

அந்த ஐப்பசியில் ஒரு மதியம் நான் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வெயில் நன்றாகவே அடித்தது. போன் அடித்தது.

"ஏம்மா, கெழக்க கறுத்துருச்சு. ஓடை எறங்குது. குச்சியோட வருது. பிள்ளைகளக் கெளப்பு."

அவர் குரலை அதற்கு முன்னால் அப்படிக் கேட்டதில்லை. செருப்புப் போடாமல் ஓடினேன். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. டீச்சர் என் முகத்தைப் பார்த்ததும் சேலையை எடுத்தார். பாயிலிருந்து ஒவ்வொன்றாக எழுப்பினோம். தூக்கக் கலக்கத்தில் சேலை முடிச்சைப் பிடிக்கத் தெரியாமல் சில அழுதன. மிகச் சின்னதுகளை ஆயா இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டார். என் மகளைத் தூக்க வேண்டும் என்று கை பரபரத்தது. அவளுக்கு நடக்கத் தெரியும், நடக்கத் தெரியாத பிள்ளை ஒன்று என் காலடியில் உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டேன். என் மகள் சேலையின் கடைசி முடிச்சைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மந்தை வரைக்கும் நான் திரும்பித் திரும்பியே நடந்தேன்.

மேடையில் ஏறிப் பிள்ளைகளை எண்ணி முடித்தபோதும் வெயில்தான். ஒரு நிமிஷம், பெரியத்தான் அவசரப்பட்டுவிட்டாரோ, ஊர் சிரிக்குமோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் சத்தம் கேட்டது. முதலில் வந்தது தண்ணீர் இல்லை, குச்சி. ஓடை அகலத்துக்குக் குச்சி உருண்டு வந்தது. அதன் பின்னால்தான் செம்மண் நிறத்தில் தண்ணீர். ஏற்கனவே அடைந்து நின்ற குச்சியோடு வந்த குச்சியும் சேர்ந்து பாலத்தின் வாயை மூடிக்கொண்டது. போக வழியில்லாத தண்ணீர் பக்கவாட்டில் ஏறியது. பால்வாடிக் கதவு பூட்டியிருக்கவில்லை. அது மெதுவாகத் திறந்ததைப் பார்த்தேன். யாரோ உள்ளே போவது மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் விளிம்பு தெரியவில்லை.

"அம்மா, என் பாயி," என்றாள் என் மகள்.

வேலைக்குப் போயிருந்த தாய்மார்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் முதலில் ஓடியது பால்வாடியைப் பார்த்துத்தான். மேடையிலிருந்து நாங்கள் கத்தியது தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. ஒருத்தி இடுப்பளவுத் தண்ணீர் வரை போய்விட்டாள். ஆட்கள் பிடித்து இழுத்து, மேடையைக் காட்டினார்கள். அவள் பிள்ளை என் இடுப்பில் இருந்தது. வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். சுவரில் சேறு நின்ற உயரத்தைப் படமெடுத்தார்கள். குச்சிகள் ஜன்னல் கம்பிகளுக்குள் நுழைந்து பின்னிக் கிடந்தன. உயிர்ச்சேதம் இல்லை என்று ஒருவர் எழுதிக்கொண்டார். எல்லோரும் எங்களைப் பாராட்டினார்கள். டீச்சரின் சேலையை விரித்துப் பிடிக்கச் சொல்லியும் ஒரு படம் எடுத்தார்கள்.

இப்போதாவது மந்தையைக் கேட்கலாம் என்று கூட்டத்தில் எழுந்தேன். பொங்கல் நடத்தும் கோவில் முறைக்காரர் ஒருவர், மரியாதையாகவே, சொன்னார்:

"அதான் ஒரு போன்ல பிள்ளைகளக் கெளப்பிட்டீகளே தாயி. இனி எப்ப வந்தாலும் அதே மாதிரி கெளப்பிருங்க. அதுக்குப் போயி மந்தைய எதுக்குக் கெடுக்கணும்?"

பெரியத்தான் ஊரில் இல்லாத நாளில் வந்தால், டவர் கிடைக்காத நாளில் வந்தால், நான் கம்பத்துக்குப் போயிருந்தால் என்றெல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றும் என் பயமாகவே அவர்கள் காதில் விழுந்தது. நாங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றியதே, அந்தக் கட்டிடம் அங்கேயே இருக்கலாம் என்பதற்குக் காரணமாகிவிட்டது. அன்றைக்கு அந்தப் போன் வராமல் இருந்திருந்தால் மந்தை கிடைத்திருக்கும். அப்படி நினைத்ததற்காக அன்று இரவெல்லாம் மகளின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கட்டிடத்தைக் கழுவினார்கள். தரையைக் கொஞ்சம் உயர்த்தி சிமெண்ட் பூசினார்கள். வெளிச்சுவரில் கிளியும் பூசணிக்காயும் வரைந்தார்கள். சேற்று வாசனை மட்டும் போகவில்லை. திறக்கிற நாளுக்கு முன்னால், தண்ணீரில் இறங்கியவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க ஒங்க மகள அனுப்புவீகளா? நீங்க அனுப்புனா நாங்களும் அனுப்புறோம். நீங்க அனுப்பலைன்னா சொல்லிருங்க. நான் வேலைக்குப் போகாம வீட்டுல இருந்துக்கிர்றேன்."

வேலைக்குப் போகாமல் இருந்தால் அவள் வீட்டில் அடுப்பெரியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். என் மகளை நான் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது முடியும். என் மகள் போகாவிட்டால் பால்வாடிக்கு எந்தப் பிள்ளையும் போகாது. போனால், அந்த ஓடையின் கரைக்குத்தான் போக வேண்டும். அனுப்புவேன் என்றேன்.

திறந்த அன்று காலை மகளைக் கொண்டுபோய் விட்டேன். கிளியைப் பார்த்து அவள் சந்தோஷமாக உள்ளே போனாள். மற்ற தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பினார்கள். எனக்கு வீட்டுக்குப் போக மனசில்லை. பாலத்தடியில் இறங்கினேன். வெள்ளத்துக்குப் பிறகு இயந்திரம் வைத்துப் பெரிய குவியலை ஒதுக்கியிருந்தார்கள். இண்டு இடுக்கில் இன்னும் குச்சி செருகிக் கிடந்தது. ஒன்றொன்றாக உருவிப் போட்டேன். கையெல்லாம் கீறியது. ஒரு வார்டு உறுப்பினர் செய்கிற வேலையா இது என்று கூச்சமாகவும் இருந்தது.

அப்போது டிராக்டர் சத்தம் கேட்டது. பெரியத்தான் தோட்டத்து டிராக்டர். அடுத்த கவாத்து முடிந்து, டிரெய்லர் நிறையப் பச்சைக் குச்சி. அவரே கூட உட்கார்ந்து வந்திருந்தார். பாலத்தின் மேல் நிறுத்தச் சொல்லி இறங்கினார். நான் கையில் குச்சியோடு நிற்பதைப் பார்த்தார். அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது.

"மேல ஏறி வாம்மா. நீ எதுக்கு இதெல்லாம் செஞ்சுக்கிட்டு," என்றார். "ஒனக்காகத்தான் இம்புட்டுத் தூரம் டீசலச் செலவழிச்சுக் கொண்டாந்துருக்கேன். இனிமே பாலத்துக்குக் கெழக்க ஒரு குச்சி போட மாட்டேன். மத்தவககிட்டயும் சொல்லிட்டேன். சரின்னுட்டாக."

டிரைவரைப் பார்த்துக் கையசைத்தார். டிராக்டர் பின்வாங்கி, பாலத்தின் மேற்குப் பக்கம், தண்ணீர் போகிற பக்கம், டிரெய்லரைத் தூக்கியது. குச்சி மொத்தமாகச் சரிந்து மணலில் விழுந்தது.

"இப்ப நம்ம பாலத்துல அடைக்காதுல்ல?" என்றார்.

அடைக்காதுதான். அந்த ஒரு நொடி எனக்கு மூச்சு லேசானது. அதை மறைக்க முடியாது. பால்வாடிக்கு உள்ளேயிருந்து பிள்ளைகள் பாடும் சத்தம் கேட்டது. பிறகு டவுன் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த ஈயத் தட்டு நினைவுக்கு வந்தது.

"கீழ இன்னொரு பாலம் இருக்குல்ல அத்தான்? பக்கத்துல வீடுக இருக்கு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்காக இவ்வளவு தூரம் இறங்கி வந்த மனிதர். இதற்கு மேல் நான் என்ன கேட்கிறேன் என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அது வேற பஞ்சாயத்தும்மா," என்றார். "அவுக பாத்துக்குவாக."

டிராக்டர் கிளம்பியது. நான் பாலத்தின் மேற்கு ஓரத்துக்குப் போய்ப் பார்த்தேன். எங்கிருந்தோ ஆடுகள் வந்து இலையைத் தின்ன ஆரம்பித்திருந்தன.